பசும்பாலிலிருந்து எக்ஸோசோம் பிரிக்க முடியுமா? அம்பாசமுத்திரம் தம்பிக்கு விரிவான பதில்

அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் 14 கறவை மாடு வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பயோடெக்னாலஜி முடித்தவர். பால் எக்ஸோசோம் பவுடர் என்று சத்துப்பொருள் விளம்பரம் ஒன்றைப் பார்த்திருக்கிறார். அவர் கேள்வி இது: "அண்ணாச்சி, நம்ம வீட்டுப் பாலிலிருந்து இதைப் பிரிக்க முடியுமா? பன்னீர் போட்டபின் சும்மா கீழே ஊற்றுகிற தண்ணீரிலிருந்து எடுக்கலாமா? எடுத்தால் எப்படிக் கெடாமல் வைப்பது? ஆச்சிக்கு மூட்டுவலி, அவங்களுக்குக் கொடுக்கலாமா?"

பிரிக்க முடியும் தம்பி. பன்னீர் தண்ணீரிலிருந்து வேண்டாம். ஆச்சிக்குக் கொடுக்கவே வேண்டாம். காரணங்களைச் சொல்கிறேன். பால் தொழில்நுட்பத்தில் பல வருஷம் ஆய்வகத்தில் நின்றவன் நான். இந்தப் பொருளோடு மல்லுக்கட்டியதும் உண்டு.

முதலில் அது என்ன என்று பார்ப்போம். நம் உடம்பின் செல்கள் தம்மைச் சுற்றியுள்ள நீரில் மிகச் சிறிய பைகளை வெளியே விடுகின்றன. கொழுப்புப் படலத்தால் ஆன நுண்பை, அதுதான் எக்ஸோசோம். உள்ளே கொஞ்சம் புரதம், கொஞ்சம் ஆர்.என்.ஏ. (மரபுச் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு). குறுக்களவு ஏறக்குறைய 30 முதல் 150 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் நானோமீட்டர். 1983-இல் செம்மறி ஆட்டிலும் எலியிலும் முதிராத சிவப்பணுக்களை ஆராய்ந்தவர்கள் இதைக் கவனித்தார்கள். 1987-இல் எக்ஸோசோம் என்ற பெயர் நிலைத்தது. செல் தன் குப்பையை வெளியே கொட்டுகிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். 2007-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இந்தப் பைக்குள் ஆர்.என்.ஏ. இருப்பதையும், அது இன்னொரு செல்லுக்குப் போய் வேலை செய்வதையும் காட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதே வருஷம் தாய்ப்பாலிலும் இருப்பது தெரிந்தது. பசும்பால் அதன் பின்னால் வந்தது.

பாலில் இருப்பது பெரும்பாலும் மடியின் பால் சுரக்கும் செல்கள் விட்டது. சீம்பாலில் இன்னும் அடர்த்தியாக இருக்கும். ஆனால் சீம்பாலைக் குறிவைத்து இந்த வேலையில் இறங்குவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். நோய் எதிர்ப்புப் புரதம் ஏதும் இல்லாமல்தான் கன்று பிறக்கிறது. முதல் சில மணி நேரத்தில் அது குடிக்கும் சீம்பால்தான் அதற்குக் காப்பு. கன்று வயிறு நிறைந்து மிஞ்சியதைக் கருப்பட்டி போட்டு நாம் சாப்பிடுவது வேறு. அதற்கு மேல் கன்றின் பங்கில் கைவைக்கக் கூடாது.

இப்போது சிக்கலுக்கு வருவோம். பாலில் மூன்று விதமான உருண்டைகள் மிதக்கின்றன. கொழுப்பு உருண்டை பெரியது, சராசரியாக 3, 4 மைக்ரோமீட்டர். அதை எடுப்பது எளிது. கிரீம் செப்பரேட்டரில் விட்டால் ஆடை தனியாக வந்துவிடும். எக்ஸோசோம் மிகச் சிறியது. இடையில் நிற்கிறது கேசீன். பாலின் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன்தான். அது தனித்தனியாக இல்லாமல், கால்சியம் பாஸ்பேட்டோடு சேர்ந்து 50 முதல் 500 நானோமீட்டர் வரை உருண்டை உருண்டையாகத் திரண்டிருக்கும். பாலுக்கு வெள்ளை நிறம் வருவதில் பெரும்பங்கு இதற்குத்தான். எக்ஸோசோமின் அளவும் இதன் அளவும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்பதைப் பாருங்கள். வடிகட்டி வைத்தால் இரண்டும் சேர்ந்தே போகும், சேர்ந்தே நிற்கும். வேகமாகச் சுழற்றினாலும் இரண்டும் சேர்ந்தே அடியில் படியும். ரத்தத்திலோ சிறுநீரிலோ எக்ஸோசோம் பிரித்துப் பழகியவர்கள் பாலுக்கு வந்ததும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். பாலில் எக்ஸோசோம் பிரிப்பது என்றாலே முக்கால்வாசி கேசீனை வெளியேற்றும் வேலைதான்.

கேசீனை அகற்ற மூன்று வழி இருக்கிறது. ஒன்று, அமிலம். பாலின் பி.எச்., அதாவது புளிப்பைக் காட்டும் அளவு, 4.6-க்கு இறங்கினால் கேசீன் தன் மின்னேற்றத்தை இழந்து திரிந்து கட்டியாகிவிடும். அசெட்டிக் அமிலமோ ஹைட்ரோகுளோரிக் அமிலமோ சொட்டுச் சொட்டாக விட்டுச் செய்வார்கள். வேகமான வழி, செலவும் குறைவு. ஆனால் கட்டி இறுகும்போது நுண்பைகளில் ஒரு பகுதி அதற்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அமிலம் பையின் மேற்பரப்பையும் மாற்றிவிடும். இரண்டாவது வழி சோடியம் சிட்ரேட் அல்லது ஈ.டி.டி.ஏ. சேர்ப்பது. இவை கால்சியத்தைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். கால்சியம் போனதும் கேசீன் உருண்டை அவிழ்ந்து சிறுசிறு துணுக்காகிவிடும். வெள்ளைப் பால் கண்ணெதிரே கலங்கலான மஞ்சள் நீராக மாறுவதைப் பார்த்தாலே இது புரிந்துவிடும். துணுக்கான பிறகு அளவை வைத்துப் பிரிக்கலாம். மூன்றாவது ரென்னெட், அதாவது சீஸ் போட உறைய வைக்கும் நொதி. அறை வெப்பத்துக்குச் சற்று மேலே, 30 முதல் 35 டிகிரியில், அமிலமே சேர்க்காமல் பால் தயிர்க்கட்டிபோல் உறையும். வெட்டி வடித்தால் தெளிநீர் கிடைக்கும்.

உணவுக்காக என்று நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். ஆய்வக வேலைக்கு எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். வாயில் போடும் பொருளுக்கு சிட்ரேட்டும் ரென்னெட்டும்தான் என் தேர்வு. இரண்டும் பால் தொழிலில் ஏற்கெனவே புழங்குகிறவை. கடையில் கிடைக்கும் பாலிமர் கிட் எதையும் இதற்குத் தொடாதீர்கள். அவை பையோடு சேர்த்துக் கண்ட புரதத்தையும் படிய வைக்கும், அந்தப் பாலிமரை முழுசாக வெளியே எடுக்கவும் முடியாது.

வேலையின் வரிசை இப்படி. கறந்த பாலை உடனே குளிரவைத்து, அன்றைக்கே சுமார் 3,000 ஜி விசையில் (புவியீர்ப்பைப்போல 3,000 மடங்கு) சுழற்றி ஆடையையும், அடியில் படியும் செல்களையும் எடுத்துவிட வேண்டும். கல்லூரி ஆய்வகங்களில் இருக்கும் 4,000 சுற்று மேசை மெஷின் கிட்டத்தட்ட 2,700 ஜி தரும், முதல் படிக்கு அது போதும். அடுத்து 12,000 ஜி அளவில் ஒருமுறை. உடைந்த செல் துகள் போய்விடும். அப்புறம் மேலே சொன்னபடி கேசீனை அகற்றுவது. பிறகு 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டி. கடைசியில் 1,00,000 ஜி விசையில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம். இதற்கு அல்ட்ராசென்ட்ரிஃப்யூஜ் என்ற பெரிய மெஷின் வேண்டும். வெற்றிடத்தில் நிமிஷத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் ஓடும். ஒரு தடவைக்கு ஆறு குழாய், குழாய்க்கு 38 மில்லி. ஆகக் கால் லிட்டர்கூட இல்லை. 14 மாட்டுப் பாலை அதில் ஓட்ட நினைத்தால் ஆயுள் போதாது.

அளவு பெருகும்போது மெஷினை விட்டுச் சவ்வு வடிகட்டலுக்கு வர வேண்டும். திரவம் சவ்வை நேராக முட்டாமல் அதன்மேல் குறுக்கே ஓடுகிற முறை இது, அதனால் அடைப்பு குறைவு. 300 முதல் 500 கிலோடால்டன் (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) துளையுள்ள சவ்வு வைத்தால் பீட்டா லாக்டோகுளோபுலின், ஆல்ஃபா லாக்டால்புமின் போன்ற சின்னப் புரதங்களும் லாக்டோஸும் கீழே ஓடிவிடும், நுண்பைகள் மேலே நிற்கும். நீர் ஊற்றி ஊற்றிக் கழுவலாம். தொழில் அளவுக்கு ஏற்ற வழி இது. சவ்வுத் தொழில்நுட்பம் பால் தொழிலுக்குப் புதிதும் இல்லை, மோர்ப் புரதப் பவுடரே அப்படித்தான் வருகிறது.

கிடைத்தது எக்ஸோசோம்தானா என்று எப்படித் தெரியும்? என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன் முக்கூடல் பக்கமிருந்து தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்துப் பால் கொண்டுவந்தோம். நேரமாகிவிட்டது. ஆடை எடுக்காமல் முழுப்பாலாகவே மைனஸ் 20 டிகிரியில் வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் உருக்கி வேலையை முடித்தேன். துகள் எண்ணும் கருவி எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு காட்டியது. ஒரு வாரம் அதை வெற்றி என்றே நினைத்திருந்தேன். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் தெரிந்தது, பெரும்பாலும் கேசீன் உருண்டையும், உறைந்து வெடித்த செல்களின் சிதறலும். கருவிக்குத் துகள் என்றால் துகள்தான், அது கேசீனா நுண்பையா என்று அதற்குத் தெரியாது. அன்றிலிருந்து நான் மாற்றாத பழக்கம் இரண்டு. கறந்த அன்றே ஆடையையும் செல்லையும் எடுக்காமல் எந்தப் பாலையும் உறைய வைப்பதில்லை. எண்ணிக்கையை மட்டும் வைத்து எதையும் நம்புவதில்லை.

அதனால், ஒரு துகளுக்கு எவ்வளவு புரதம் என்ற விகிதத்தைப் பாருங்கள். புரதம் அதிகமாக இருந்தால் கேசீன் போகவில்லை என்று பொருள். சி.டி.9, சி.டி.81, டி.எஸ்.ஜி.101 ஆகிய அடையாளப் புரதங்கள் இருக்கின்றனவா, கால்னெக்சின் போலச் செல்லின் உள்ளே மட்டும் இருக்கவேண்டியவை இல்லாமல் இருக்கின்றனவா என்று வெஸ்டர்ன் பிளாட் என்ற புரதச் சோதனை செய்து பாருங்கள். இத்துறையின் சர்வதேசச் சங்கம் 2014, 2018, 2023 என மூன்று முறை வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. எங்கிருந்து பிறந்தது என்று நிரூபிக்காத வரை எக்ஸோசோம் என்று சொல்லாமல் செல்வெளி நுண்பை என்றே சொல்லுங்கள் என்கிறது அது. விளம்பரங்கள் அதைக் கேட்பதில்லை.

இனி பன்னீர் தண்ணீர். பன்னீருக்கு நாம் பாலை 80, 90 டிகிரிக்குக் காய்ச்சித்தான் எலுமிச்சையோ சிட்ரிக் அமிலமோ விடுகிறோம். அந்தச் சூட்டில் தெளிநீர்ப் புரதங்கள் நிலைகுலைந்து எல்லாவற்றோடும் ஒட்டிக்கொள்ளும். நுண்பைகளும் அடிபடும், மிஞ்சியவை கட்டியோடு போகும். சூடு, அமிலம் இரண்டும் சேர்ந்து விழுந்த இடம் அது. சீஸ் தெளிநீர் அப்படி இல்லை. அதிகம் காய்ச்சாத பாலில் ரென்னெட் விட்டு எடுப்பது. வெளிநாட்டில் சீஸ் ஆலைத் தெளிநீரை மூலப்பொருளாக எடுப்பதற்கு அதுதான் காரணம். நம் ஊரில் சீஸ் போடுகிறவர் குறைவு, பன்னீர் போடுகிறவர் அதிகம். இந்த வித்தியாசத்தை மறந்துவிடாதீர்கள். உங்கள் பன்னீர்த் தண்ணீரைக் கீழே ஊற்றவும் வேண்டாம். அதில் லாக்டோஸும் தாது உப்பும் இருக்கிறது, மாட்டுத் தீவனத்தில் அளவோடு கலந்து கொடுக்கலாம்.

பாக்கெட் பால் எப்படி என்றும் சிலர் கேட்பார்கள். 72 டிகிரியில் 15 விநாடி பாஸ்டரைஸ் செய்தாலும் நுண்பைகள் ஓரளவு மிஞ்சுகின்றன. கொழுப்பை உடைக்கிற ஹோமோஜெனைசர்தான் கூடுதல் கேடு. அதன் அழுத்தம் இந்தப் படலத்தையும் விடாது. 2015-இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாஸ்டரைசும் ஹோமோஜெனைசும் சேர்ந்து மைக்ரோ ஆர்.என்.ஏ. 200சி என்ற குட்டி ஆர்.என்.ஏ. வகையில் 63 சதவீதத்தைத் தின்றுவிடுவதாகக் காட்டினார்கள். மைக்ரோவேவில் சூடாக்கினாலும் வேறொன்றில் 40 சதவீதம் போனது. குளிரில் வைத்ததில் மட்டும் இழப்பு 2 சதவீதத்துக்கும் கீழே. உயர்வெப்பத்தில் பதப்படுத்திய டெட்ரா பாக்கெட் பாலில் தேடுவது வீண். தயிரிலும் அப்படித்தான், புளிக்க வைத்தால் குறைந்துவிடும்.

கெடாமல் வைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிரிப்பதைவிட இதில்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். தூய்மையான நுண்பை தனியாக நீரில் இருக்கும்போது பலவீனமானது. பாலில் அதைச் சுற்றிப் புரதக் கூட்டம் இருந்தது, இப்போது இல்லை. பிளாஸ்டிக் குழாயின் சுவரில் போய் ஒட்டும், ஒன்றோடொன்று கட்டிக்கொள்ளும். 4 டிகிரியில் சில நாள் தாங்கும், அவ்வளவுதான். மாதக்கணக்கில் வைக்க மைனஸ் 80 வேண்டும். வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 20 இரண்டுங்கெட்டான். உறைவது மெதுவாக நடக்கிறது, பனிப்படிகம் பெரிதாக வளர்ந்து படலத்தைக் குத்துகிறது. இன்னொரு நுட்பமும் உண்டு. வழக்கமாகப் பயன்படுத்தும் சோடியம் பாஸ்பேட் கரைசல் உறையும்போது அதிலுள்ள ஒரு உப்பு முதலில் படிகமாகிவிடும். அதனால் மிச்ச நீரின் பி.எச். சடசடவென இறங்கும். உப்புக்கரைசலில் வைத்தால் பத்திரம் என்று நினைத்து அமிலத்தில் ஊறவைப்பதுபோல ஆகிவிடும்.

இதற்கு மருந்து ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை. காளானிலும் ஈஸ்ட்டிலும் இயற்கையாக இருப்பது. வறட்சியைத் தாங்கும் உயிர்கள் தம் செல்லைக் காப்பாற்ற இதைத்தான் சேர்த்து வைக்கின்றன. படலத்தின் மேல் நீர் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்து, நீர் போன பிறகும் அதைத் தாங்கிப் பிடிக்கும். 25 மில்லிமோலார் அளவே கட்டிக்கொள்வதைத் தடுக்கிறது என்று 2016-இல் ஒரு ஆய்வு வந்தது. உலர்த்துவதற்கு அதைவிட அதிகம் வேண்டும். உறைய வைத்து வெற்றிடத்தில் உலர்த்தினால் கண்ணாடிபோல இறுகிய பவுடர் கிடைக்கும். முழுசாக உலர்ந்த ட்ரெஹலோஸ் கண்ணாடி 100 டிகிரிக்கு மேல்தான் இளகும். ஆனால் சில சதவீதம் ஈரம் ஏறினால் அந்த வரம்பு நம் அறை வெப்பத்துக்கே இறங்கிவிடும். தாமிரபரணிக் கரையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடியைத் திறந்து வைத்தால் ஒரே நாளில் பவுடர் பிசுபிசுக்கும். அலுமினியப் பை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா, ஒருமுறை திறந்தால் முடித்துவிடும் சின்ன அளவு, இதெல்லாம் கட்டாயம். மின்சாரம் போனால் ஃப்ரீசருக்கு என்ன வழி என்பதையும் முதல் நாளே யோசியுங்கள். உருகி மறுபடி உறைவதுதான் இதற்கு முதல் எதிரி. சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்து வைத்தால் ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் உருகும்.

பாதுகாப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காய்ச்சாத பாலில் புருசெல்லா, காசநோய்க் கிருமி இருக்கலாம். 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டி பாக்டீரியாவைத் தடுக்கும், வைரஸைத் தடுக்காது. மாட்டு லுகீமியா வைரஸின் அளவு ஏறக்குறைய 100 நானோமீட்டர், எக்ஸோசோமின் அளவேதான். மேலே கொழுப்புப் படலமும் அதேபோல. நீங்கள் நுண்பையைச் செறிவாக்க எடுக்கும் ஒவ்வொரு படியும் அதையும் செறிவாக்கும். அதனால் மென்மையான பாஸ்டரைஸ் ஒன்று நடுவில் வேண்டும், ஹோமோஜெனைசர் கூடாது. கொஞ்சம் இழந்தாலும் பரவாயில்லை. கேசீன், பீட்டா லாக்டோகுளோபுலின் மிச்சம் இருப்பதால் பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் ஆகாது.

ஆச்சியின் மூட்டுவலிக்கு வருகிறேன். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2015-இல் நெதர்லாந்தில், மூட்டு அழற்சி வரவைத்த எலிகளுக்குப் பசும்பால் நுண்பையை வாய்வழியாகக் கொடுத்தபோது வீக்கம் குறைந்தது. நல்ல ஆய்வு. ஆனால் எலி. மனிதரைப் பொறுத்தவரை, பாலின் மைக்ரோ ஆர்.என்.ஏ. நம் ரத்தத்தில் ஏறுகிறதா என்பதிலேயே தகராறு. ஏறுகிறது என்று 2014-இல் ஒரு குழு சொன்னது, அதை மறுத்து வேறு குழுக்கள் எழுதின. இன்னொரு பக்கம், 2021-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த எலி ஆய்வைப் படித்தபின் நான் இன்னும் கவனமாகிவிட்டேன். பால் நுண்பை கொடுத்தபோது முதலில் தோன்றிய புற்றுக்கட்டி சுருங்கியது. ஆனால் கட்டியை அறுத்து எடுத்த பிறகு கொடுத்தால் புற்று மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது குறைந்தது, முன்பே கொடுத்தால் பரவுவது கூடியது. ஒரே பொருள், கொடுக்கும் நேரத்தைப் பொறுத்து இரண்டு முகம். வயதானவர் உடம்பில் என்ன ஒளிந்திருக்கிறது என்று நமக்குத் தெரியுமா? ஆச்சி வழக்கம்போல ஒரு டம்ளர் காய்ச்சிய பால் குடிக்கட்டும். மூட்டுக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் எலும்பு மருத்துவரைப் பார்க்கட்டும். கைக்குழந்தைக்கும் யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

விற்பனையும் அதே காரணத்தால் இப்போது வேண்டாம். இந்தியாவில் பழக்கத்தில் இல்லாத உணவுப் பொருளுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2017 ஒழுங்குமுறைப்படி முன் அனுமதி வேண்டும். அதற்குப் பாதுகாப்பு ஆய்வு முடிவுகளைக் கையில் வைத்திருக்க வேண்டும். வீட்டுக் கொட்டகையிலிருந்து அது வராது.

அப்படியென்றால் உங்களால் ஒன்றும் முடியாதா என்றால், முடியும். இந்தத் துறைக்கு இன்று மெஷினைவிடப் பெரிய குறை நல்ல பால்தான். மடிநோய் உள்ள மாட்டுப் பாலில் வெள்ளையணு குவிந்திருக்கும்; அவை விடும் நுண்பை வேறு சரக்கு, மடி விட்டதோடு கலந்துவிடும். நல்ல மடியில் ஒரு மில்லிக்கு 2 லட்சம் செல்லுக்குக் கீழே இருக்க வேண்டும். நான்கு குழியுள்ள தட்டில் ஒவ்வொரு காம்பிலிருந்தும் பாலைப் பீய்ச்சி, கலிபோர்னியா மடிநோய்க் கரைசலை ஊற்றிச் சுழற்றிப் பாருங்கள். கொழகொழவென்று கட்டினால் அந்தக் காம்பு ஒதுக்கம். 14 மாட்டுக்கும் அரை மணி நேர வேலை. திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டால் செய்முறை காட்டுவார்கள். புருசெல்லா சோதனையையும் அப்படியே முடித்துவிடுங்கள்.

சொசைட்டிக்கு ஊற்றுவதில் ஒரு லிட்டரை மட்டும் தனியாக ஒதுக்குங்கள். கறந்த கையோடு ஐஸ் தண்ணீரில் இறக்கி 4 டிகிரிக்குக் கொண்டுவந்து, அன்றே ஆடை எடுத்து, எந்த மாடு, எத்தனையாவது ஈற்று, என்ன தீவனம், கறந்த நேரம் என்ன என்று நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதம் இப்படிச் செய்த பிறகு அந்த நோட்டோடு ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்துக்குப் போங்கள். வரலாறு தெரிந்த, மடிநோய் இல்லாத, அன்றன்றே ஆடை எடுத்த பால் என்று சொன்னால் உட்கார வைத்துப் பேசுவார்கள். நான் ஆய்வகத்தில் இருந்த காலத்தில் அப்படி ஒருவர் வரமாட்டாரா என்று தேடியிருக்கிறேன். சந்தேகம் வந்தால் திரும்பக் கேளுங்கள் தம்பி. முதல் மாதத்து மடிநோய்ச் சோதனை முடிவையும் சேர்த்து எழுதினால் எந்த மாட்டிலிருந்து தொடங்கலாம் என்று சொல்கிறேன்.